பந்து தூக்கிக் கொடுத்தவன் சொல்வது

தேவஇரக்கம் அடித்த அடியெல்லாம்
ஊருக்குத் தெரியும்.
தூக்கிக் கொடுத்தது நான்.
அதைச் சொல்லி ஒரு டீகூட
எனக்குக் கிடைத்ததில்லை.
ஆகவே இழக்க ஒன்றும் இல்லை எனக்கு.
அவனுக்கு இருந்தது.

ஆடியில் மேற்கே மலையிடுக்கு வழியாகக்
காற்று இறங்கினால்
பந்து சொன்ன பேச்சு கேட்காது.
ஒரு சாண் மேற்கே தள்ளிப் போடுவேன்,
காற்றே அதை அவன் கையில் கொண்டு சேர்க்கும்.
தேரி மணலில் குதித்துப் பழகிய கால்
ஏறினால் இறங்க யோசிக்கும்.
வலைக்கு மேலே முழங்கை தெரிந்ததும்
எதிர்ப்பக்கம் குனிந்துகொள்ளும்.
இட்டமொழியில் நெஞ்சில் பந்து வாங்கியவனுக்கு
சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.
பேரன் எடுத்த பிறகும் அவன்
சட்டைப் பொத்தானைக் கழற்றி
இந்த இடம்தான் என்று காட்டுகிறான்.

போஸ்டரில் 'பறக்கும் தேவஇரக்கம்'.
மில்லில் வேலை கொடுத்தார்கள்,
மில் பேர் போட்ட பனியனுக்காக.
டீமைக் கலைத்த மறுநாள்
நூற்புப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள்.
எந்த சுவிட்ச் எதற்கென்று தெரியவில்லை அவனுக்கு.
கணக்கு முடித்த அன்று மேனேஜர்
இரண்டு கையெழுத்து வாங்கினாராம்,
ஒன்று ரசீதில்,
ஒன்று தன் மகனுடைய நோட்டில்.

பிறகு குடித்தான். நிறுத்தினான்.
பிறகு குடித்தான்.
மகள் கல்யாணப் பத்திரிகையில்
பேருக்கு முன்னால் 'பறக்கும்' போடச் சொன்னான்.
'அது எந்த ஊரு அண்ணாச்சி?' என்று கேட்டான்
அச்சாபீஸ் பையன்.
வேண்டாம், எடுத்துரு, என்று சொல்லிவிட்டு வந்தான்.
வாசலில் நின்ற என்னிடம்
அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
மூன்று நாள் கழித்துச் சொன்னான், சிரித்துக்கொண்டே.

இப்போது லெவிஞ்சிபுரம் பக்கம்
காற்றாலைக்குக் காவல்.
ராத்திரி பூராவும் மூன்று கை
தலைக்கு மேலே வீசிக்கொண்டே இருக்குமாம்.
'பந்தே இல்லாம அடிக்குலே, சவம்.'

போன வாரம் அசனப் பண்டிகைக்கு
மின்னொளி மேட்ச்.
வலை கட்ட ஏணி கிடைக்கவில்லை.
'அந்த நெட்டை அண்ணாச்சி
மைதானத்துக்கு வரவும்' என்றது மைக்.
வந்தான். அளவுநாடா கேட்கவில்லை.
கையை உயர்த்தி, விரல்நுனியில் கயிற்றை வைத்து,
இந்தப் பக்கம் ஓர் இழுப்பு
அந்தப் பக்கம் ஓர் இழுப்பு.
பிறகு யாரோ நாடா பிடித்துப் பார்த்தார்கள்.
நூல் அளவு பிசகவில்லை.
'தேங்க்ஸ்ணே' என்று ஒரு பையன்
டோக்கன் கொடுத்தான்.
வரிசையில் நின்று
அசனச் சோறு வாங்கித் தின்றான்.

மேட்ச் முடிந்து
ஒரு விளக்கு மட்டும் மிச்சம்.
நான் ஸ்கோர் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.
'ஒண்ணு தூக்குலே' என்றான்.

ஐம்பத்தாறு வயசு,
வலது முட்டியில் ஆபரேஷன்.
நான் யோசித்தேன்,
அதுதான் தப்பு.
ஒரு முழம் தாழ்த்திப் போட்டேன்.

அவன் அடிக்கவில்லை. பிடித்துக்கொண்டான்.
வேட்டியில் மண்ணைத் துடைத்தான்.
'யாருக்குலே போட்ட இத?'

பந்தை வாங்கிக்கொண்டு
காற்றைப் பார்த்தேன்.
ஒரு சாண் மேற்கே.
பழைய உயரம்.

மூன்று எட்டு ஓடிவந்தவன்
வலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான்.
அண்ணாந்து பார்த்தான்.
பந்து வரவேண்டிய இடத்துக்கு வந்து,
கொஞ்சம் காத்திருந்து,
அவன் தோளுக்குப் பின்னால்
மணலில் விழுந்தது.

'ஆங்,' என்றான். 'இது.'
சைக்கிளை எடுத்தான்.
பத்து மணிக்கு டூட்டி.